காணி, வீடு: விற்கும் முன்னும் வாங்கும் முன்னும்

நீங்கள் ஊர் திரும்பிக் காணியைத் துப்புரவு செய்யத் தொடங்கிய சில நாட்களிலேயே யாராவது ஒருவர் படலையடியில் வந்து நிற்கக்கூடும். "காணியைக் குடுக்கிற எண்ணம் ஏதும் இருக்கோ?" என்று கேட்பார். கொழும்பிலோ வெளிநாட்டிலோ உள்ள ஒருவர் நல்ல விலை தருவதாகவும், அடுத்த வாரத்துக்குள் முடிக்க வேண்டும் என்றும் சொல்வார். கையில் காசில்லை, கூரையில்லை, பிள்ளைகளின் பள்ளிக்கூடச் செலவு காத்திருக்கிறது என்ற நிலையில் அந்த ஒரு வாரக் கெடு உங்களை அவசரப்படுத்தும். பின்னர் பிணக்காக வந்து சேரும் பல விற்பனைகளின் தொடக்கம் இந்த அவசரந்தான்.

காணியை விற்க வேண்டாம் என்று இந்தக் கட்டுரை சொல்லவில்லை. மகளின் சீதனத்துக்காக, மருத்துவச் செலவுக்காக, அல்லது வேறு ஊரில் வேரூன்றிவிட்டபடியால் விற்பவர்கள் இருக்கிறார்கள். காணியில்லாமல் திரும்பியதால் வாங்க நினைப்பவர்களும் இருக்கிறார்கள். இரு பகுதியாரும் கவனிக்க வேண்டியவற்றை இங்கே சொல்கிறோம். தரகு வேலை செய்பவர்களுக்கும் சில வார்த்தைகள் உண்டு.

முதலில் உங்கள் காணி எந்த வகை?

இதை அறியாமல் விலை பேசத் தொடங்கக் கூடாது. வடக்கிலும் கிழக்கிலும் காணிகள் பொதுவாக இரண்டு வகைப்படும். உறுதிக்காணி என்பது தனியார் காணி. அதை உரிமையாளர் விற்கலாம், நன்கொடையாகக் கொடுக்கலாம், ஈடு வைக்கலாம். மற்றது அரச காணி. வன்னியிலும் கிழக்கின் குடியேற்றத் திட்டங்களிலும் பெரும்பகுதி இவ்வகையானது. 1935ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரம் அல்லது அளிப்புப்பத்திரம் வழங்கப்பட்ட காணிகள் இதில் அடங்கும்.

அனுமதிப்பத்திரக் காணியை விற்க முடியாது. யாராவது "பெர்மிற் காணிதான், பேரை மாத்தித் தாறன்" என்று சொல்லிப் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். அளிப்புப்பத்திரக் காணியைக் கைமாற்றுவதாயின் பிரதேச செயலாளரின் எழுத்துமூலச் சம்மதத்தை முன்கூட்டியே பெற வேண்டும். அது இல்லாமல் எழுதப்படும் உறுதி செல்லாது. பணம் போய்விடும், காணியும் கிடைக்காது. விற்றவருக்கும் இதில் நிம்மதி இல்லை. நிபந்தனையை மீறியதாகக் கூறி அவரது அளிப்பையே இரத்துச் செய்ய நடவடிக்கை எடுக்கப்படலாம்.

அனுமதிப்பத்திரம் போரில் தொலைந்திருந்தால் பதறத் தேவையில்லை. பிரதேச செயலகத்தின் காணிப் பிரிவில் பதிவேடு இருக்கும். இலக்கம் நினைவில்லாவிட்டாலும் பெயர், குடியேற்றத் திட்டம், ஏறத்தாழ எந்த ஆண்டில் கிடைத்தது என்பவற்றை எழுதிக் கொடுங்கள். பத்திரத்தில் பெயர் உள்ளவர் இறந்திருந்தால், அவர் பின்னுரித்தாளராக யாரை நியமித்தார் என்பதையும் அங்கேயே கேட்டறியுங்கள். அண்ணன் தம்பிமாருக்கிடையே வரும் சண்டைகளில் பல, அந்த ஒரு வரியைப் பார்த்தவுடனேயே தீர்ந்துவிடும்.

உறுதி தொலைந்தவர்களுக்கு

இடப்பெயர்வின்போது உறுதிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடியவர்களும் உண்டு, நிலத்தில் புதைத்துவிட்டு வந்து தேடியவர்களும் உண்டு. உறுதிக் கடதாசி தொலைந்தால் உரிமை தொலைந்துவிடாது. நொத்தாரிசு ஒரு உறுதியை எழுதும்போது மூலப்பிரதி உங்களிடம் வருகிறது. இன்னொன்றை நொத்தாரிசு தமது கோவையில் வைத்திருக்கிறார். வேறொரு பிரதியை அடுத்த மாதம் 15ஆம் திகதிக்குள் காணிப் பதிவகத்துக்கு அனுப்ப வேண்டியது அவரது கடமை. ஆகவே, உங்களிடம் இருந்தது எரிந்து போயிருந்தாலும் காணிக் கந்தோரில் இருந்து அத்தாட்சிப்படுத்தப்பட்ட பிரதி எடுக்கலாம்.

அதற்கு உறுதி இலக்கம், திகதி, நொத்தாரிசின் பெயர் ஆகிய மூன்றும் இருந்தால் வேலை இலகு. மூன்றும் தெரியாவிட்டால், காணியின் பெயரை வைத்துப் பதிவேட்டில் தேடலாம். எங்கள் ஊர்க் காணிகளுக்குப் பெயர் இருப்பது இந்த நேரத்தில் பெரிய உதவி. அயல்காணிக்காரரின் உறுதியையும் வாங்கிப் பாருங்கள். அவரது எல்லை விபரத்தில் உங்கள் தகப்பனாரின் பெயர் எழுதப்பட்டிருக்கும். பழைய சோலைவரிப் பற்றுச்சீட்டு, மின்சாரப் பட்டியல், ஈடு வைத்திருந்தால் வங்கியின் கோவை ஆகியவையும் துணைச் சான்றுகளாகும்.

விற்கும் எண்ணம் இல்லாதவர்களும் ஒரு தடவை காணிக் கந்தோருக்குப் போய்த் தங்கள் காணியின் பதிவைப் பார்க்குமாறு கேட்டுக்கொள்கிறோம். உரிமையாளர் நீண்டகாலம் ஊரில் இல்லாத காணிகளுக்குக் கள்ள உறுதி முடித்து விற்ற சம்பவங்கள் உண்டு. பதிவேட்டில் உங்களுக்குத் தெரியாத ஒரு கைமாற்றம் இருப்பதைக் கண்டால், அந்தப் பதிவின் பிரதியை எடுத்துக்கொண்டு பொலிசில் முறையிட்டு, தாமதியாமல் சட்டத்தரணியைக் காணுங்கள். கள்ள உறுதியை நம்பி வாங்கியவர் அங்கே வீடு கட்டி முடித்தபின் தீர்ப்பது எல்லோருக்கும் கடினம்.

யார் யார் கையொப்பமிட வேண்டும்?

காணிக்கு வருபவர் ஒருவர், காணிக்கு உரித்தாளர் வேறொருவர் என்பது எங்கள் ஊர்களில் சாதாரணம். விற்பவர் "இது அப்பாவின்ரை காணி, இப்ப நான்தான் பாக்கிறன்" என்று சொன்னால், வாங்குபவர் அங்கேயே நின்று யோசிக்க வேண்டும். அப்பா உயிருடன் இருக்கிறாரா? இல்லையென்றால் எத்தனை பிள்ளைகள்? அவர்களில் எவராவது கனடாவில், பிரான்சில், இந்திய முகாமில் இருக்கிறாரா? இறந்த பிள்ளைக்குப் பிள்ளைகள் இருக்கிறார்களா? ஒவ்வொருவருக்கும் பங்கு உண்டு. ஒரு பங்காளி தனது பங்கை மட்டுமே விற்க முடியும். மற்றவர்களின் ஒப்பம் இல்லாமல் முழுக் காணிக்கும் பணம் கொடுத்தவர், பின்னர் தெரியாத ஆறு பேருடன் கூட்டுப் பங்காளியாக நிற்க நேரிடும்.

வடமாகாணத் தமிழர்களுக்குத் தேசவழமை பொருந்தும். 1707இல் ஒல்லாந்தர் காலத்தில் எழுத்தில் தொகுக்கப்பட்ட இவ்வழமையும், பின்னர் 1911இலும் 1947இலும் வந்த கட்டளைச் சட்டங்களும் இன்றும் நடைமுறையில் உள்ளன. இவற்றில் மூன்று விடயங்கள் விற்பனையை நேரடியாகப் பாதிக்கின்றன.

ஒன்று, மணமான பெண் தனது சீதனக் காணியையோ முதுசத்தையோ விற்பதற்குக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். காணி அவளுடையது, ஒப்பம் இருவருடையது. இந்த நியதி பற்றி எமக்கு வேறு கருத்து இருக்கலாம், ஆனால் சட்டம் இப்படித்தான் இருக்கிறது. கணவன் காணாமல் போயிருந்தால், கைவிட்டுச் சென்றிருந்தால், அல்லது நியாயமின்றிச் சம்மதம் தர மறுத்தால், மாவட்ட நீதிமன்றத்திடம் விண்ணப்பித்து அனுமதி பெறலாம். இதைத் தெரியாமல் எத்தனையோ பெண்கள் தங்கள் சொந்தக் காணியை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது என்று இருந்துவிடுகிறார்கள். வேறு சிலரிடம் தரகர்கள் "கணவர் இல்லை என்று எழுதிவிடுவோம்" என்கிறார்கள். அப்படி எழுதாதீர்கள். பொய்யான கூற்றில் நிற்கும் உறுதியை எவரும் எப்போதும் கேள்விக்குட்படுத்தலாம்.

இரண்டு, திருமணத்தின் பின் தேடிய சொத்து தேடியதேட்டம். உறுதியில் கணவனின் பெயர் மட்டும் இருந்தாலும் மனைவிக்கு அதில் உரித்து இருக்கலாம், மனைவியின் பெயர் மட்டும் இருந்தால் கணவனுக்கும் அப்படியே. ஒருவர் இறந்திருந்தால் பிள்ளைகளின் பங்கும் வந்து சேரும். எனவே, காணி எந்த ஆண்டில், யாருடைய பணத்தில், எந்த உறுதியால் வந்தது என்பதை நொத்தாரிசுக்குச் சொல்லுங்கள்.

மூன்று, பங்குக் காணியை வெளியாருக்கு விற்பதானால், கூட்டுப் பங்காளிகளுக்கும் உரித்தாளராகக்கூடிய உறவினருக்கும் முன்னுரிமையாக வாங்கும் உரிமை உண்டு. அவர்களுக்கு முறைப்படி அறிவித்தல் கொடுக்க வேண்டும். அறிவித்தல் கொடுக்காமல் விற்றால், பங்காளி நீதிமன்றம் சென்று அதே விலைக்குத் தான் வாங்கிக்கொள்ளக் கேட்கலாம். வாங்கியவரின் பாடு பெரும் பாடாகிவிடும்.

கிழக்கில் தமிழர்களுக்குப் பொதுச் சட்டம் பொருந்துகிறது. அங்கே மனைவியின் காணிக்குக் கணவனின் சம்மதம் என்ற நியதி இல்லை. முஸ்லிம் குடும்பங்களின் வழியுரிமைப் பங்குகள் 1931ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்படி அமையும். 1990இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டுப் புத்தளத்தில் பிள்ளைகளை வளர்த்த குடும்பங்களில் இப்போது மூன்றாம் தலைமுறை வந்துவிட்டது. பங்குகள் பெருகியிருக்கும். விற்பதானாலும் வைத்திருப்பதானாலும் முதலில் ஒரு குடும்ப மரத்தை வரைந்து வைத்துக்கொள்ளுங்கள்.

காணாமல் போனவரின் பெயரில் காணி இருந்தால்

இதை எழுதுவது எமக்கு இலகுவாக இல்லை, வாசிப்பது உங்களுக்கு இன்னும் கடினம். ஆனால் கேட்கப்படும் கேள்விகளில் இதுவும் ஒன்று. போர் காரணமாகக் காணாமல் போய் ஒரு வருடத்துக்கு மேல் தகவல் இல்லாதவரின் மரணத்தைப் பதிவு செய்ய 2010ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம் வழி செய்தது. மரணச் சான்றிதழ் எடுக்க மனம் ஒப்பாத குடும்பங்களுக்காக 2016இல் அச்சட்டம் திருத்தப்பட்டு, காணாமற்போனமைச் சான்றிதழ் என்ற ஒன்று கொண்டுவரப்பட்டது. அதைக் கொண்டு காணாமல் போனவரின் சொத்தைப் பராமரிக்கவும் உதவித்திட்டங்களைப் பெறவும் முடியும். ஆனால் அதை வைத்துக்கொண்டு காணியை அறுதியாக விற்றுவிடலாம் என்று எவரும் சொன்னால் நம்ப வேண்டாம். எந்தச் சான்றிதழை எடுப்பது என்பது உங்கள் குடும்பத்தின் முடிவு. காணி விற்கும் தேவைக்காக எந்தத் தரகரும் உங்களை மரணச் சான்றிதழ் எடுக்கும்படி நெருக்கக் கூடாது, நீங்களும் அதற்கு இடங்கொடுக்கத் தேவையில்லை.

பங்காளிகளில் 18 வயதுக்குக் குறைந்த பிள்ளை இருந்தால், அப்பிள்ளையின் பங்கை நீதிமன்ற அனுமதி இல்லாமல் விற்க முடியாது. தாயோ பேரனோ ஒப்பமிட்டால் போதாது.

வெளிநாட்டில் உள்ளவர்களின் ஒப்பம்

அற்றோர்ணித் தத்துவம் மூலம் வெளிநாட்டில் உள்ளவரின் பங்கை விற்கலாம். அதை அவர் வாழும் நாட்டில் உள்ள இலங்கைத் தூதரகத்தில் உறுதிப்படுத்தி அனுப்புவது வழக்கம். வாங்குபவர் பார்க்க வேண்டியவை: அதில் இந்தக் காணியை விற்கும் அதிகாரம் தெளிவாகக் கொடுக்கப்பட்டுள்ளதா, அல்லது பராமரிக்கும் அதிகாரம் மட்டுந்தானா? தத்துவம் கொடுத்தவர் இன்று உயிருடன் இருக்கிறாரா? கொடுத்தவர் இறந்தால் தத்துவமும் முடிந்துவிடும். அவரே தத்துவத்தை மீளப்பெற்றும் இருக்கலாம். ஒரு தொலைபேசி அழைப்பில் அவரது வாயாலேயே கேட்டுக்கொள்ளுங்கள், முகம் பார்த்துப் பேசினால் இன்னும் நல்லது.

வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற உறவினர் "என்ரை பேரிலை ஒரு துண்டு வாங்கிவிடு" என்று பணம் அனுப்பினால் பொறுங்கள். 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம் வெளிநாட்டவர் காணி வாங்குவதைக் கட்டுப்படுத்துகிறது. இரட்டைக் குடியுரிமை உள்ளவர்களுக்கு அந்தத் தடை இல்லை. இரட்டைக் குடியுரிமை இல்லாதவர் முதலில் சட்ட ஆலோசனை பெறட்டும். உங்கள் பெயரில் வாங்கி வைத்திருக்கும்படி கேட்டால், நாளை உங்கள் பிள்ளைகளுக்கும் அவரது பிள்ளைகளுக்கும் இடையில் வரக்கூடியதை இன்றே யோசியுங்கள்.

காணியில் வேறொருவர் குடியிருந்தால்

நீங்கள் இல்லாத காலத்தில் இன்னொரு இடம்பெயர்ந்த குடும்பம் உங்கள் வீட்டில் வந்து இருந்திருக்கும். அவர்களும் எங்கோ ஓரிடத்தில் வீட்டை இழந்தவர்கள். பேசித் தீர்க்கும் வழி இருந்தால் அதையே முதலில் பாருங்கள். அவர்கள் போட்ட கதவுக்கும் வெட்டிய கிணற்றுக்கும் ஒரு தொகை கொடுத்து, எழுதி, மாதக் கணக்கில் தவணை வைத்து வெளியேறச் செய்த குடும்பங்கள் பல.

ஆனால் சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்க ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டத்தின்படி, உரிமையாளருக்கு எதிராக 10 ஆண்டுகள் இடையறாது ஆண்டு வந்தவர் காணிக்கு உரிமை கோரலாம். இடம்பெயர்ந்தவர்களுக்கு இது அநீதி என்பதால், 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்க விசேட ஏற்பாடுகள் சட்டம் 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தை இக்கணக்கில் சேர்க்காமல் விடுவதற்கு வழி செய்தது. அச்சட்டம் உங்கள் வழக்குக்கு எவ்வாறு பொருந்தும் என்பதை ஒரு சட்டத்தரணியிடம் கேளுங்கள். 2009 மேக்குப் பின்னரான காலம் எல்லோருக்கும் ஓடிக்கொண்டே இருக்கிறது என்பதை மறக்க வேண்டாம். குடியிருப்பவரிடம் சிறு வாடகையாவது பெற்றுப் பற்றுச்சீட்டுக் கொடுப்பதும், "உரிமையாளரின் அனுமதியுடன் இருக்கிறேன்" என்று எழுதி வாங்குவதும் உங்களைப் பாதுகாக்கும்.

வாங்குபவருக்கு ஒரு வார்த்தை: ஆள் இருக்கும் காணியை, "நீங்கள் உறுதியை முடியுங்கோ, நாங்கள் எழுப்பித் தாறம்" என்ற பேச்சை நம்பி வாங்காதீர்கள். வெறுமையான உடைமை கைக்கு வந்த பிறகே முழுப் பணமும் கொடுங்கள்.

வாங்குபவர் நேரில் போய்ப் பார்க்க வேண்டியவை

பகலில் ஒரு தடவை, மழை பெய்தபின் ஒரு தடவை போய்ப் பாருங்கள். வெள்ளம் நிற்கும் காணி மாசி மாதத்தில் அழகாகத்தான் இருக்கும். கிணற்றுத் தண்ணீரைக் குடித்துப் பாருங்கள், யாழ்ப்பாணக் கரையோரங்களில் உவர் ஏறிய கிணறுகள் பல. உறுதியில் கிணற்றுப் பங்கும் வழி வாய்க்கால் பாத்தியமும் எழுதப்பட்டிருக்கின்றனவா என்று வாசியுங்கள். ஒழுங்கை இப்போது திறந்திருக்கிறது என்பதற்காக அது உங்கள் உரிமை ஆகிவிடாது, அயலவர் வேலியைத் தள்ளினால் சைக்கிளும் போகாது.

அயலவர்களிடம் பேசுங்கள். தரகர் சொல்லாததை வேலிக்கு அப்பால் உள்ளவர் சொல்வார். கிராம அலுவலரிடமும் கேளுங்கள். வெடிபொருள் அகற்றப்படாத பகுதியாக இருந்தால் காணிக்குள் கால் வைக்கவே வேண்டாம். துப்புரவு முடிந்ததா என்பதை மாவட்டச் செயலகம் மூலம் உறுதிப்படுத்துங்கள். வன இலாகாவின் எல்லைக்கல் நிற்கும் காணி, படையினர் நிலைகொண்டுள்ள காணி, காணி சுவீகரிப்புச் சட்டத்தின் 2ஆம் பிரிவின் கீழ் அறிவித்தல் ஒட்டப்பட்ட காணி ஆகியவற்றைக் குறைந்த விலைக்குத் தருகிறார்கள் என்றால், விலை ஏன் குறைந்தது என்பது தெளிவு.

அளவுக்கு வருவோம். யாழ்ப்பாணத்தில் பரப்புக் கணக்கு. 18 குழி 1 பரப்பு, 1 பரப்பு 10 பேர்ச், 16 பரப்பு 1 ஏக்கர். வயற்காணிப் பரப்பு வேறு அளவு. வன்னியில் ஏக்கர்க் கணக்கே பேசப்படும். விலை எந்தப் பரப்பில் பேசப்படுகிறது என்பதை முதலில் தெளிவாக்குங்கள். பழைய உறுதியில் எழுதப்பட்ட பரப்பும் நிலத்தில் உள்ளதும் பெரும்பாலும் ஒத்துப்போவதில்லை. உதாரணமாக, பரப்பு 5 இலட்சம் ரூபா என்று பேசி, உறுதியில் 4 பரப்பு என்று உள்ள காணி அளந்தபோது 3½ பரப்பாக வந்தால் வித்தியாசம் 2½ இலட்சம். அங்கீகாரம் பெற்ற நில அளவையாளரைக் கொண்டு, எல்லைக்காரர்கள் நிற்க, அளந்து படம் கீறிய பின்னரே இறுதி விலையை முடிவு செய்யுங்கள். படக்கூலியை யார் கொடுப்பது என்பதையும் முன்னரே பேசுங்கள். கதியால் வேலி இரண்டு இடப்பெயர்வுகளுக்கிடையில் எவ்வளவு நகர்ந்திருக்கும் என்பதை அளவுநாடா சொல்லும்.

அச்சவாரமும் உறுதியும்

இலங்கையில் காணி விற்பனை செல்லுபடியாக வேண்டுமானால், 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி அது எழுத்தில், நொத்தாரிசுக்கும் இரண்டு சாட்சிகளுக்கும் முன்னால் ஒப்பமிடப்பட வேண்டும். பலர் அறியாத ஒன்று உண்டு: விற்கச் சம்மதிக்கும் உடன்படிக்கைக்கும் இதே விதிதான். முத்திரை ஒட்டிய கடதாசியில் எழுதி, கிராமத்துப் பெரியவர்கள் ஒப்பமிட்ட "விற்பனை ஒப்பந்தத்தை" வைத்துக்கொண்டு காணியைத் தரும்படி நீதிமன்றத்தில் கேட்க முடியாது. அச்சவாரம் பெருந்தொகையாக இருந்தால் நொத்தாரிசு மூலமே உடன்படிக்கை எழுதுங்கள்.

நொத்தாரிசை வாங்குபவர் தெரிவு செய்வது வழமை. தரகர் கூட்டிச்செல்லும் இடத்துக்கே போக வேண்டும் என்று இல்லை. உறுதி எழுதும் முன் காணிக் கந்தோரில் குறைந்தது 30 வருடப் பதிவைத் தேடிப் பார்க்கும்படி கேளுங்கள். ஈடு, ஒற்றி, வழக்குப் பதிவு, ஒருவருக்குச் சீவிய உரித்து ஆகியவை அங்கே தெரியும். பிரதேச சபையில் சோலைவரி நிலுவை இல்லை என்பதையும், வீதி அகலிப்பில் காணி போகாது என்பதையும் சான்றிதழ் மூலம் பெறுங்கள்.

முத்திரை வரி பொதுவாக முதல் 1 இலட்சத்துக்கு 3 வீதம், மிகுதிக்கு 4 வீதம். 20 இலட்சம் ரூபாக் காணிக்கு 3,000 ரூபாவும் 76,000 ரூபாவுமாக 79,000 ரூபா. வரி கணக்கிடும்போது மதிப்பீடு செய்யப்பட்ட பெறுமதியும் பார்க்கப்படும், எனவே சரியான தொகையை நொத்தாரிசிடம் கேட்டு, கையில் வைத்துக்கொண்டு போங்கள். வரியை மிச்சம்பிடிக்க உறுதியில் குறைந்த விலை போடும் பழக்கம் பரவலாக உண்டு. நாளை வழக்கு வந்தால், நீங்கள் கொடுத்த 20 இலட்சத்தில் உறுதியில் உள்ள 8 இலட்சந்தான் கணக்கில் நிற்கும்.

விற்பவர் கவனிக்க வேண்டியது பணம். உறுதியின் முடிவில், பணம் தமக்கு முன்னால் கைமாறியதா இல்லையா என்று நொத்தாரிசு எழுதுவார். பணம் வராமல் "முழுவதும் பெற்றுக்கொண்டேன்" என்று ஒப்பமிடாதீர்கள். வங்கிக் காசோலையாகவோ நேரடி வைப்பாகவோ பெறுவது பாதுகாப்பு. வாசிக்க முடியாத மொழியில் எழுதிய உறுதியில் கையொப்பம் வைக்க வேண்டாம், தமிழில் வாசித்து விளங்கப்படுத்தும்படி கேட்பது உங்கள் உரிமை. முற்றும் நிரப்பாத கடதாசியில் ஒப்பமிடும்படி கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். அவசரக் கடனுக்காக அறுதி உறுதி எழுதிக் கொடுக்காதீர்கள். "இது சும்மா ஒரு பாதுகாப்புக்குத்தான், காசைத் தந்தவுடனை திருப்பி எழுதித் தாறன்" என்று சொல்வார்கள். எழுதியது விற்பனை உறுதி என்றால், சட்டத்தின் பார்வையில் நீங்கள் காணியை விற்றுவிட்டீர்கள். கடனுக்கு ஈட்டு உறுதி இருக்கிறது. ஒற்றி இருக்கிறது, வருமானத்தை அவர் எடுத்துக்கொள்ள, தவணை முடிய நீங்கள் காணியை மீட்கலாம். குத்தகைக்கும் கொடுக்கலாம். 6 பரப்பில் 2 பரப்பை மட்டும் பிரித்து விற்று மிகுதியில் வீடு கட்டியவர்களும் உண்டு. வீட்டுத்திட்டப் பயனாளிப் பட்டியலில் பெயர் இருப்பவர்கள், வீடு கட்ட இருக்கும் காணியை விற்கும் முன் பிரதேச செயலகத்துடன் கட்டாயம் பேசுங்கள். உதவியில் கட்டிய வீடாயின், நீங்கள் ஒப்பமிட்ட உடன்படிக்கையின் நிபந்தனைகளை எடுத்து வாசியுங்கள்.

தரகு செய்பவர்களுக்கு

உங்களில் பலர் எங்களைப் போலவே இடம்பெயர்ந்து மீண்டவர்கள், ஊரில் நம்பிக்கையுள்ளவர்கள். விற்பவர், வாங்குபவர் இருவரிடமும் தரகு வாங்குவதாயின் இருவருக்கும் அதைச் சொல்லுங்கள். எத்தனை வீதம், எப்போது என்பதை எழுதிவையுங்கள். உறுதி முடிந்த பின் வாங்குவதே நல்ல வழக்கம். உறுதியின் மூலப்பிரதியைக் கையில் வைத்திருக்காதீர்கள், நிழற்பிரதி போதும். விற்பவருக்கு ஒரு விலை, வாங்குபவருக்கு வேறு விலை சொல்லி இடையில் வைத்துக்கொள்வது சிறு ஊரில் ஒரு கலியாண வீட்டுக்குள் வெளியே வந்துவிடும். தனித்திருக்கும் பெண்ணின் வீட்டுக்கு இரவில் விலை பேசப் போகாதீர்கள், பகலில், அவருடைய உறவினர் ஒருவர் இருக்கும்போது போங்கள்.

உறுதி முடிந்த பிறகு

வாங்கியவர் அன்றே உறுதியைப் பதிவுக்குக் கொடுக்க ஏற்பாடு செய்ய வேண்டும். 1927ஆம் ஆண்டின் 23ஆம் இலக்க ஆவணப் பதிவுக் கட்டளைச் சட்டத்தின்படி, ஒரே காணியை இருவருக்கு விற்றிருந்தால், நேர்மையாகப் பணம் கொடுத்து முதலில் பதிந்தவரே முன்னிற்பார், முதலில் வாங்கியவர் அல்ல. பதிவு முடிந்து உறுதி கைக்கு வர நாளாகலாம். எனவே பதிவுக்குக் கொடுத்த நாளையும் இலக்கத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். கணவன், மனைவி இருவர் பெயரிலும் உறுதி எழுதுவது பின்னாளில் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் பாதுகாப்பு.

பிறகு பிரதேச சபையில் சோலைவரிப் பெயரையும் மின்சார சபையில் இணைப்பின் பெயரையும் மாற்றுங்கள். உறுதி, படம், பற்றுச்சீட்டுகள் எல்லாவற்றையும் நிழற்பிரதி எடுத்து, ஒரு தொகுதியை வேறு வீட்டில் உள்ள உறவினரிடம் கொடுத்து வையுங்கள். கைத்தொலைபேசியில் படம் எடுத்து வெளிநாட்டில் உள்ள பிள்ளைக்கு அனுப்பி வைப்பதும் நல்லது.

பிணக்கு இருந்தால் மத்தியஸ்த சபைக்குப் போகலாம், சில மாவட்டங்களில் காணிப் பிணக்குகளுக்கென விசேட மத்தியஸ்த சபைகளும் உள்ளன. சட்டத்தரணிக்குக் கொடுக்கப் பணமில்லாதவர்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழு இலவசமாக உதவுகிறது. அங்கே போகும்போது அடையாள அட்டை, உறுதி அல்லது அனுமதிப்பத்திரத்தின் பிரதி, கிராம அலுவலரின் வதிவிடக் கடிதம், குடும்பத்தில் இறந்தவர்களின் மரணச் சான்றிதழ்கள், நீங்கள் வரைந்த குடும்ப மரம் ஆகியவற்றைக் கொண்டு செல்லுங்கள். ஏதாவது ஒன்று இல்லாவிட்டாலும் பின்னிற்க வேண்டாம், இருப்பதைக் கொண்டு போங்கள்.